விசாரிக்க ஒரு சித்தப்பா இல்லை!

அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்று யாராவது கூப்பிட்டால் நம்பிப் போய்விடாதீர்கள். அந்த ஆட்டத்தில் காலுக்கு வேலை ரொம்பக் கம்மி. பந்தும் உருண்டை இல்லை. மட்டை உரிக்காத சின்னத் தேங்காய் மாதிரி இருக்கும். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருத்தன் ஓடுவான். எதிர் அணியில் பதினோரு தடியன்கள் அவன் மேல் விழுந்து அமுக்குவார்கள். அமுக்கியதும் விசில். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி ஓடுவான். மறுபடி அமுக்குவார்கள். மஞ்சுவிரட்டில் மாடு, மனுஷன் இரண்டு பேருக்கும் ஹெல்மெட் மாட்டிவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி.

இதில் இன்னொரு விசேஷம், கல்லூரிப் பையன்கள் ஆடும் ஆட்டத்துக்கு இருக்கிற வெறி. நம் ஊரில் காலேஜ் மேட்ச் என்றால் பி.டி. மாஸ்டர், ஐஸ் வண்டிக்காரர், அப்புறம் கிளாஸ் கட் அடித்த ஆறு பேர் வருவார்கள். அங்கே மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் உட்காரலாம். உட்காரவும் செய்கிறார்கள். அப்பா எந்தக் கல்லூரி அணிக்குக் கத்தினாரோ, அதே அணிக்குத்தான் பிள்ளையும் கத்துவான். குலதெய்வம் மாதிரி. நடுவில் மாற்றிக்கொண்டால் குடும்பத்தில் தண்ணி புழங்க மாட்டார்கள்.

2011-லிருந்து மூன்று வருஷம் டெட்ராய்ட் பக்கத்துப் புறநகர் ஒன்றில் சாஃப்ட்வேர் எழுதி வயிறு வளர்த்தவன் நான். என் இடுப்பளவு தட்டி அடைத்த கேபினைச் சுற்றி மூன்று குலதெய்வக்காரர்கள்.

முதல் ஆள், மிச்சிகன் பல்கலைக்கழகம். எப்போதும் மஞ்சள் தொப்பி. இரண்டாவது ஆள், மிச்சிகன் ஸ்டேட். இது வேறு கல்லூரி, சார். இரண்டையும் ஒன்று என்று சொன்னால் இரண்டு பேருமே அடிக்க வருவார்கள். இவருக்குப் பச்சை பனியன். ஒரு மணி நேரக் கார் தூரத்தில் இருக்கிற இந்த இரண்டு கல்லூரிகளும் பங்காளிகள். பங்காளிகள் என்றால் தெரியுமே, பேச்சுவார்த்தை கிடையாது.

அப்படிப்பட்ட மஞ்சள் தொப்பியும் பச்சை பனியனும் ஒரே ஒரு விஷயத்தில் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அது மூன்றாவது கேபினில் இருந்த பெரியவரைக் கலாய்ப்பது. அவர் நோட்டர் டேம் ஆள்.

நோட்டர் டேம் என்பது பக்கத்து மாநிலமான இண்டியானாவில், சவுத் பெண்ட் என்ற ஊரில், 1842-ல் ஆரம்பித்த கத்தோலிக்கக் கல்லூரி. ஆட்டக்காரர்களுக்குத் தங்க நிற ஹெல்மெட். அமெரிக்காவில் பாதிப் பேர் அந்த அணியைக் கும்பிடுவார்கள். மீதிப் பேர் மண்ணை வாரித் தூற்றுவார்கள். நடுவில் யாரும் இல்லை.

"ஏன்யா அவங்க மேல இவ்வளவு கோபம்?" என்று ஒருநாள் மஞ்சள் தொப்பியைக் கேட்டேன்.

"மத்தவங்கள்லாம் ஒரு லீக்ல சேர்ந்து ஆடறோம். இவங்க மட்டும் தனிக்குடித்தனம். 1991-லேர்ந்து சொந்த கிரவுண்ட்ல ஆடற ஆட்டத்தைக் காட்டறதுக்குன்னே ஒரு டி.வி. கம்பெனியோட தனியா ஒப்பந்தம். அதைக்கூட மன்னிச்சிடலாம். எதுக்கெடுத்தாலும் ஒரு அழுவாச்சிக் கதை வெச்சிருப்பாங்க பாரு, அதான் தாங்காது."

அழுவாச்சிக் கதை என்றால் சும்மா இல்லை. ஜார்ஜ் கிப் என்ற அவர்களுடைய ஆட்டக்காரர் 1920-ல் இருபத்தைந்து வயதில் செத்துப்போனார். எட்டு வருஷம் கழித்து, 1928-ல், ராணுவக் கல்லூரியோடு முக்கியமான ஆட்டம். இடைவேளையில் பயிற்சியாளர் நூட் ராக்னி பையன்களைக் கூட்டி வைத்து, 'கிப் சாகும்போது என்னிடம் ஒரு வரம் கேட்டான், அவனுக்காக ஒருநாள் நாம் ஜெயிக்க வேண்டும் என்று' என்றார். பையன்கள் அழுதுகொண்டே போய் 12-6 என்று ஜெயித்துவிட்டு வந்தார்கள். 1940-ல் இது சினிமாவாக வந்தது. கிப்பாக நடித்தவர், பிற்பாடு ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன். கிப் நிஜமாகவே அப்படிச் சொன்னாரா என்று சந்தேகப்படுகிறவர்கள் இன்றும் உண்டு. மஞ்சள் தொப்பி அந்தக் கட்சி.

இந்த முன்கதை மனதில் இருக்கட்டும்.

2012-ல் நோட்டர் டேம் அணியின் நட்சத்திரம் மான்டி டேயோ. ஹவாயில் லாயியே என்ற சின்ன ஊர்ப் பையன். மதத்தால் மார்மன்; படித்ததோ கத்தோலிக்கக் கல்லூரி. நம்பர் 5. ஆட்டத்தில் அவர் வேலை 'லைன்பேக்கர்'. அதாவது, தேங்காயைத் தூக்கிக்கொண்டு வருகிறவனை வழிமறித்துச் சாய்ப்பது.

அந்த வருஷம் செப்டம்பர் 11-ம் தேதி டேயோவின் பாட்டி இறந்துபோனார். அதே நாளில், சில மணி நேரத்துக்குள், அவருடைய காதலி லெனே கெகுவாவும் இறந்துவிட்டதாகச் செய்தி. ஸ்டான்ஃபோர்டில் படித்த பெண். முதலில் கார் விபத்து, அப்புறம் ரத்தப் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் அவள் இருந்த நாட்களில் ராத்திரி பூராவும் போனை வைக்காமல், அந்தப் பக்கம் கேட்கும் மூச்சுச் சத்தத்தைக் கேட்டபடியே டேயோ தூங்குவாராம். 'எனக்கு ஒண்ணு ஆனாலும் நீ ஆட்டத்தை விட்டுட்டு வரக்கூடாது' என்று அவள் சத்தியம் வாங்கியிருந்ததால் சவ அடக்கத்துக்குக்கூடப் போகவில்லை. வெள்ளை ரோஜா மட்டும் அனுப்பச் சொன்னாராம்.

நாலு நாள் கழித்து ஆட்டம். எதிரி யார்? நம் பச்சை பனியனின் மிச்சிகன் ஸ்டேட். சொந்த மண்ணில் 20-3 என்று உதை வாங்கினார்கள். டேயோ பன்னிரண்டு பேரைச் சாய்த்தார்.

அடுத்த சனிக்கிழமை, செப்டம்பர் 22. எதிரி மஞ்சள் தொப்பியின் மிச்சிகன். நோட்டர் டேம் ஸ்டேடியத்தில் ரசிகர்கள் ஹவாய்ப் பூமாலை போட்டுக்கொண்டு வந்து டேயோவுக்காக நின்றார்கள். மிச்சிகன்காரர்கள் எறிந்த பந்துகளில் ஐந்தை எதிரணி பிடுங்கிக்கொண்டது. அதில் இரண்டு டேயோவின் கையில். 13-6. போச்சு.

இதற்கெல்லாம் திங்கட்கிழமை ஆபீஸில் ரத்த ஆறு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பச்சை பனியன் ஒரு காபியை எடுத்துக்கொண்டு போய்ப் பெரியவர் மேஜையில் வைத்தார். "உங்க பையன்கிட்ட தோத்ததுல எனக்கு வருத்தமே இல்ல" என்றார். மஞ்சள் தொப்பி அதற்கும் ஒருபடி மேலே: "எங்களைத் தோக்கடிச்சது அந்தப் பையன் இல்ல. அந்தச் செத்துப்போன பொண்ணு."

எழவு வீட்டில் விசாரிக்கிற மாதிரி இரண்டு பேரும் பெரியவரிடம் கையைப் பிடித்துப் பேசியதை நான் என் தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல வருஷத்துப் பகையை ஒரு பெண்ணின் சாவு ஒரு வாரம் ஒத்திப்போட்டது.

அக்டோபர் ஆரம்பத்தில் டேயோ 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகையின் அட்டையில் வந்தார். பெரியவர் அதை வாங்கிவந்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். அணி பன்னிரண்டு ஆட்டத்தில் பன்னிரண்டும் ஜெயித்தது. கல்லூரி ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்கிற மிகப் பெரிய கௌரவமான ஹைஸ்மன் கோப்பையில் டேயோ இரண்டாவதாக வந்தார். தடுத்து ஆடுகிற ஒருத்தர் அவ்வளவு தூரம் வருவதே அபூர்வம். அப்புறம் 2013 ஜனவரி 7, இறுதி ஆட்டம். அலபாமாவிடம் 42-14 என்று மண்ணைக் கவ்வினார்கள். மறுநாள் மஞ்சள் தொப்பி, 42 டாலர் 14 சென்டுக்கு ஒரு செக் எழுதிப் பெரியவர் மேஜையில் வைத்தார். பெரியவரும் சிரித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பகை பழையபடி ஆரோக்கியமாகிவிட்டது என்று நினைத்தேன்.

ஜனவரி 16. புதன்கிழமை. சாயங்கால நேரம். 'டெட்ஸ்பின்' என்ற விளையாட்டு வலைத்தளத்தில் இரண்டு நிருபர்கள் ஒரு கட்டுரை போட்டார்கள். லெனே கெகுவா சாகவில்லை. சாவதற்கு முதலில் பிறந்திருக்க வேண்டுமே! அப்படி ஒரு பெண்ணே கிடையாது.

அந்த இரண்டு பேரும் செய்தது பெரிய துப்பறியும் வேலை இல்லை. அரசாங்கத்தின் மரணப் பதிவில் பெயரைத் தேடினார்கள். இல்லை. ஸ்டான்ஃபோர்டில் கேட்டார்கள். அப்படி ஒரு மாணவி படிக்கவில்லை. பேப்பரில் இரங்கல் அறிவிப்பு தேடினார்கள். அதுவும் இல்லை. படத்தில் இருந்தது வேறு யாரோ ஒரு பெண். தன் படத்தில் இப்படி ஒரு காதல் கதை ஓடுவது அவருக்கே தெரியாது. டேயோ காதலித்தது கலிஃபோர்னியாவில் இருந்த ஓர் இளைஞர் கட்டிய வேஷத்தை. போனில் கேட்ட பெண் குரலும் அவருடையதேதான்.

தேசம் பூரா அழுதது இதற்குத்தான்!

மறுநாள் காலை ஆபீஸுக்குள் நுழைந்தால் தீபாவளி. மஞ்சள் தொப்பி நாற்காலியில் உட்காரவே இல்லை. "சொன்னேனா இல்லையா? 1928-ல ஆரம்பிச்ச வியாபாரம்! அப்ப செத்த ஆள் ஒருத்தனாவது நிஜமா இருந்தான். இப்ப அதுவும் இல்ல!"

அந்த வாரம் அமெரிக்கா முழுக்க ஒரு விளையாட்டு பரவியது. பக்கத்தில் யாருமே இல்லாத இடத்தில் ஒரு தோளைச் சுற்றிக் கையைப் போடுகிற மாதிரி வைத்துக்கொண்டு, இளித்தபடி படம் எடுத்துக்கொள்வது. அதற்கு 'டேயோயிங்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். கென்டக்கியில் ஒரு சின்ன பேஸ்பால் அணி, டேயோவின் காதலி பொம்மையை ரசிகர்களுக்கு இலவசமாகத் தருவதாக விளம்பரம் செய்தது. தலை ஆடுகிற பொம்மை. தந்தது காலி அட்டைப்பெட்டி!

எங்கள் ஆபீஸும் சளைக்கவில்லை. மத்தியானம் சாப்பிடுகிற அறையில், பெரியவர் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு எதிரில், ஒரு காலி நாற்காலி. அதற்கு முன்னால் பேப்பர் பிளேட், ஸ்பூன், மடித்த துணி. மேலே ஒரு சீட்டு: 'மிஸஸ் டேயோவுக்காக ஒதுக்கப்பட்டது.'

பெரியவர் வந்தார். பார்த்தார். எதுவும் பேசவில்லை. தன் சாண்ட்விச்சைப் பாதி தின்றுவிட்டு, மீதியைச் சுற்றி எடுத்துக்கொண்டு எழுந்து போனார். மூன்று வாரம் அந்தப் பிளேட் அங்கேயே இருந்தது. தினமும் யாரோ புது பிளேட் மாற்றினார்கள் என்பதுதான் அதில் விசேஷம்.

இந்தக் களேபரத்தில் ஒருநாள் பச்சை பனியன் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுப்பா. நேர்ல ஒரு தடவைகூடப் பார்க்காத பொண்ணை ஒருத்தன் காதலிக்க முடியுமா? பொய்யில்லையா இது?"

எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. 2012 ஆகஸ்டில் லீவில் போனபோது நிச்சயதார்த்தம், 2013 மே மாதம் கல்யாணம். இது அவருக்கும் தெரியும். அதனால் அடுத்த கேள்வி கேட்டார்.

"நீ உன் ஆளை எத்தனை தடவை பார்த்திருக்கே?"

"நிச்சயதார்த்தத்தைச் சேர்த்தா ரெண்டு தடவை."

"முதல் தடவை எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம்."

"தனியாவா?"

"இல்ல. அவங்க அப்பா, அம்மா, மாமா, பக்கத்து வீட்டு மாமி, ஒரு தட்டு பஜ்ஜி, ஒரு தட்டு சொஜ்ஜி எல்லாரும் இருந்தாங்க."

அறையில் சத்தம் அடங்கிப்போயிற்று. மஞ்சள் தொப்பி என்னை ஏதோ மியூசியத்தில் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"அப்ப நாலஞ்சு மாசமா என்ன பண்றீங்க?"

"போன்ல பேசறோம்."

அதுதான் உண்மை. இங்கே ராத்திரி பத்து மணி என்றால் கும்பகோணத்தில் காலை எட்டரை. பேங்க் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் அவள் பதினைந்து நிமிஷம் பேசுவாள். 'ஹலோ, கேக்குதா?' என்பதில் மூன்று நிமிஷம் போகும். பின்னால் குக்கர் விசில் கேட்கும். அவள் அம்மா ஏதும் கேட்காத மாதிரி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பது இங்கே ஏழு கடல் தாண்டித் தெரியும். அந்தப் பதினைந்து நிமிஷத்துக்காக நான் அடுத்த இருபத்துமூன்றே முக்கால் மணி நேரத்தை ஓட்டினேன். டேயோ மூச்சுச் சத்தம் கேட்டுத் தூங்கினார் என்று படித்தபோது மற்றவர்களுக்குச் சிரிப்பு வந்தது. எனக்குக் குக்கர் சத்தம் ஞாபகம் வந்தது.

நமக்கு இது புதுசே இல்லை, சார். உறையூரில் இருந்த கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டில் இருந்த பிசிராந்தையாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமலே உயிர் நண்பர்கள். சோழன் வடக்கிருந்தபோது 'என் நண்பன் வருவான், இடம் வையுங்கள்' என்றான். சுற்றி இருந்தவர்கள் நம்பவில்லை. ஆந்தையார் வந்தார். புறநானூற்றில் இருக்கிற சமாசாரம். அவ்வளவு தூரம் போவானேன்? 1996-ல் அகத்தியன் எடுத்த 'காதல் கோட்டை'க்குக் கூட்டம் கூட்டமாகப் போனோமே! அஜித்தும் தேவயானியும் யாரென்று தெரிந்து சந்திப்பதே கடைசிக் காட்சியில்தான். அதற்கு தேசிய விருது கொடுத்தார்கள். யாரும் தியேட்டரில் எழுந்து, 'எப்படிய்யா பார்க்காம காதல் வரும்?' என்று கேட்கவில்லை.

சோழனுக்கு ஆந்தையார் வந்தார். டேயோவுக்கு வர ஆள் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. சித்தப்பா.

என் வருங்கால மனைவியின் சித்தப்பா ஒருவர், வருவாய்த் துறையில் இருந்து ரிடையரானவர். நிச்சயத்துக்கு முன்னால் அவர் எங்கள் தெருமுனை டீக்கடையில் விசாரித்தார். நான் படித்த காலேஜில் விசாரித்தார். அதோடு விட்டாரா? டெட்ராய்டில் தன் நண்பர் மகன் ஒருவன் இருப்பதைக் கண்டுபிடித்து அவனை என் அபார்ட்மெண்டுக்கே அனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் முறுக்குப் பொட்டலத்தோடு வந்தான். 'கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கறேன்' என்று தானே போய் ஃப்ரிட்ஜைத் திறந்தான். பாட்டில் ஏதும் அகப்படவில்லை. பத்து நாள் பழைய சாம்பார்தான் அகப்பட்டது. 'பையன் நிஜம்தான், சமையல்தான் சரியில்லை' என்று ரிப்போர்ட் போயிற்றாம்.

அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. 2013 ஜனவரியில் அந்தச் சித்தப்பாவை மனசுக்குள் கும்பிட்டேன். டேயோவுக்கு விசாரிக்க ஒரு சித்தப்பா இல்லை. சரி, அவர் இருபத்தோரு வயசுப் பையன், காதலில் இருந்தார். அட்டைப்படம் போட்ட பத்திரிகைக்கு ஒரு சித்தப்பா இல்லையா? கண்ணீரும் பின்னணி இசையுமாகக் காட்டிய டி.வி.க்காரர்களுக்கு? ஒரு மரணப் பதிவை நாலு மாசமாக யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. இருந்தும் எங்கள் ஆபீஸில் எந்தப் பத்திரிகைக்கும் யாரும் காலி பிளேட் வைக்கவில்லை. ஏமாற்றிய ஆளைப் பற்றிக்கூட அதிகம் பேச்சில்லை. சிரிப்பு பூராவும் ஏமாந்தவன் மேல்.

டேயோ பக்கம் தப்பே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. நேரில் பார்த்ததாகத் தன் அப்பாவிடமே பொய் சொல்லியிருக்கிறார். பார்க்காமல் காதலிக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பார்களே என்ற பயம். டிசம்பர் 6-ம் தேதி 'செத்துப்போன' குரலே போன் போட்டு 'நான் உயிரோடுதான் இருக்கேன்' என்றது. அதற்கப்புறமும் இரண்டொரு பேட்டியில் காதலி இறந்ததைப் பற்றிப் பேசினார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள்தான் கல்லூரியிடம் சொன்னார். எதிரணி ரசிகர்கள் பிடித்துக்கொண்டது இந்த மூன்று வாரத்தைத்தான். 'கோப்பை கிடைக்கணும்னு அவனே கட்டிவிட்ட கதை' என்றார் மஞ்சள் தொப்பி. அந்த மாதக் கடைசியில் கேட்டி கூரிக் டி.வி.யில் பேட்டி எடுத்து, 'நீ ஆண்களை விரும்புகிறவனா?' என்று முகத்துக்கு நேரே கேட்டார். பக்கத்தில் அப்பா அம்மா வேறு அந்த நிகழ்ச்சிக்கு வந்திருந்தார்கள். எந்தச் சித்தப்பாவும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

எனக்கு ஒன்று மட்டும் புரிந்தது. எதிரணிக்காரர்கள் சும்மா சிரிக்கவில்லை. செப்டம்பரில் அவர்கள் பகையை விட்டுக்கொடுத்து நிஜமாகவே கலங்கியிருந்தார்கள். காபி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கண்ணீரைத் திருப்பி வாங்க வழியில்லை. அதனால் வட்டியும் முதலுமாகச் சிரித்து வசூல் பண்ணினார்கள். கலங்காமல் இருந்தவன் ஒருநாள் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டான். மூன்று வாரம் பிளேட் மாற்றியது, கலங்கியவர்கள்தான்.

அன்று ராத்திரி போனில் இவளிடம் கதை பூராவும் சொன்னேன். குக்கர் இரண்டு விசில் அடிக்கிற வரைக்கும் பேச்சில்லை. அப்புறம், "பாவங்க அந்தப் பையன்" என்றாள். கொஞ்சம் விட்டு, "பொண்ணு மாதிரி பேசினாங்களே, அவங்களும்தான். தினம் ராத்திரி கண் முழிச்சு ஒருத்தர் மூச்சைக் கேட்டுட்டு இருக்கணும்னா சும்மா ஏமாத்தறதுக்காக மட்டும் முடியுமா? அவங்களுக்கு வேற யாருங்க இருந்தாங்க?" என்றாள். பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

ஆபீஸில் ஆறு பேர் மூன்று வாரமாக ஆராய்ச்சி பண்ணியும் இந்தக் கேள்வி ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

டேயோவுக்கு அப்புறம் என்ன ஆயிற்று? ஏப்ரலில் தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் ஏலம் மாதிரியான நிகழ்ச்சி. முதல் சுற்றிலேயே போவார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் 32 பெயர் வாசித்தார்கள். அவர் பெயர் வரவில்லை. மறுநாள் 38-வது ஆளாக சான் டியகோ சார்ஜர்ஸ் எடுத்தது. பெரியவர் அன்றைக்கு எல்லாருக்கும் டோனட் வாங்கி வந்து வைத்தார். எதற்கு என்று சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. மேயில் நான் ஊருக்கு வந்து கல்யாணம் பண்ணிக்கொண்டேன். 2014-ல் மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்கே வந்துவிட்டேன். டேயோ மூன்று அணிகளில் 2020 வரை ஆடினார்.

2022 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸில் இதைப் பற்றி ஒரு டாகுமெண்டரி வந்தது. நானும் மனைவியும் சேர்ந்து பார்த்தோம். டேயோ உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். அந்தக் கேலிக்கு அப்புறம் மைதானத்தில் இறங்கினால் உடம்பு மரத்துப்போய்விடும், முன்னே மாதிரி யோசிக்காமல் பாய முடியவில்லை என்றார். குரல் கொடுத்தவரும் வந்தார். இப்போது திருநங்கையாக, வேறு பெயரில் வாழ்கிறார். பெண்ணாக ஒருத்தர் தன்னை நேசிப்பது எப்படி இருக்கும் என்று அந்த வேஷத்தில்தான் தெரிந்துகொண்டேன் என்கிற மாதிரி பேசினார். செய்தது தப்பு என்றும் சொன்னார். டேயோ அவரை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். இவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. 'அப்பவே சொன்னேன்' என்று சொல்லிக்காட்டுகிற பழக்கம் இல்லாத ஒரே மனைவி தமிழ்நாட்டிலேயே எனக்குத்தான் வாய்த்திருக்கிறது.

அடுத்த மாதம், செப்டம்பர் 17-ம் தேதி, நோட்டர் டேம் ஸ்டேடியத்துக்கு ஓர் ஆட்டம் பார்க்க டேயோ போனார். மாணவர்கள் எழுந்து நின்று கத்தித் தீர்த்தார்கள். 2012-ல் பள்ளிக்கூடத்தில் மூக்கொழுகிக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள்.

அந்த வாரம் எனக்குப் பச்சை பனியனிடமிருந்து ஒரு மெசேஜ். எட்டு வருஷத்தில் புத்தாண்டு வாழ்த்து தவிர அவர் எதுவும் அனுப்பியதில்லை.

'படம் பார்த்தேன். அந்தப் பிளேட்டை முதல்ல வெச்சது நான்தான். உனக்குத் தெரிஞ்சிருக்கும். பெரியவர் ரிடையர் ஆயிட்டாராம். அவர் நம்பர் உன்கிட்ட இருக்கா?'

இருந்தது. அனுப்பி வைத்தேன்.